நல்ல பொருள் என்று சொல்லுமுன்

ஒரு வீட்டுப் பொருள் நல்லதா, நம்பத்தக்கதா என்று ஆராய்வது கடைவீதிக் கவலை. அறநூல் பயில்வோர் அதில் பொழுதைப் போக்கலாகாது என்று எண்ணுவோர் நம்மில் உளர். மிகுபொருள் விரும்பாமையை விரதமாக மேற்கொண்ட இல்லறத்தாருக்கு மிக்சியையும் குக்கரையும் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று அவர்கள் வினவுவர். நாம் அக்கருத்தை ஏற்பதற்கில்லை. பலவற்றை வாங்கிக் குவிப்பவருக்கு ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும். அளவோடு வாங்குபவருக்கே ஒவ்வொரு பொருளும் நெடுநாள் உழைக்க வேண்டும். ஆகவே தேர்ந்து வாங்குதலும் அவ்விரதத்தின் பகுதியே ஆகும்.

ஆயினும் இங்கு நாம் எழுதப் புகுவது வாங்குதலைப் பற்றி மட்டுமன்று. வாங்கிய பொருளைப் பற்றிப் பிறரிடம் நாம் சொல்லும் சொல்லைப் பற்றியும் ஆகும். "உங்கள் வீட்டில் இருக்கிறதே, அது எப்படி? நன்றாக உழைக்கிறதா?" என்று அண்டை வீட்டார் கேட்கின்றனர். "மிக நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம்" என்று நாம் விடையளிக்கிறோம். அவ்விடையை நம்பி ஒரு குடும்பம் தன் ஒரு மாத ஓய்வூதியத்தைச் செலவிடக்கூடும். அந்நிலையில் நாம் சொன்னது வெறும் பேச்சா, சாட்சியமா?

நாம் வாழும் திருவான்மியூரில் இக்கேள்வி பெரும்பாலும் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியைப் பற்றியே எழுகிறது. காரணம் ஊரின் அமைப்பு. கடலோர மணற்பாங்கான இப்பகுதியில் மழைநீர் மணலுள் இறங்கி நன்னீராய்த் தங்கும். அதை அளவின்றி இறைத்தால் கடலின் உவர்ப்பு உள்ளே புகும். ஒரே தெருவில் ஒரு வீட்டு ஆழ்குழாய் நீர் பருகத் தக்கதாயும், நாலு வீடு தள்ளி உப்பாயும் இருத்தல் இங்கு வியப்பன்று. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013இல் இயங்கத் தொடங்கிய பின் தென்சென்னைக்குக் குழாய்நீர் வரத்து கூடியது. ஆனால் 2019ஆம் ஆண்டுக் கோடையில் நகரின் ஏரிகள் வறண்டபோது லாரிக்கும் கேனுக்கும் காத்து நின்றதை எவரும் மறக்கவில்லை. தண்ணீரைப் பற்றிய அச்சம் இவ்வாறு நிலைபெற்றுவிட்ட இடத்தில் கருவி விற்பவருக்கு வேலை எளிது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்புக்கு அத்தகைய விற்பனையாளர் ஒருவர் வந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. இளைஞர், பணிவானவர். தாய்மார்கள் பத்துப் பன்னிருவரைக் கீழ்த்தளத்தில் கூட்டி, இரு கண்ணாடிக் குவளைகளை மேசைமேல் வைத்தார். ஒன்றில் நம் குழாய்நீர். மற்றொன்றில் அவர் கருவியில் வடித்த நீர். இரண்டும் பார்வைக்குப் பளிங்குபோல் இருந்தன. பின்னர் உலோகக் கம்பிகள் பொருத்திய ஒரு சிறு மின்கருவியை இரு குவளைகளிலும் இறக்கி, மின்விசையைச் செலுத்தினார். ஒரு நிமிடத்திற்குள் குழாய்நீர் பழுப்பேறிக் கலங்கியது. மேலே அழுக்கு நுரை திரண்டது. கருவிநீர் தெளிவாகவே நின்றது. "பார்த்தீர்களா அம்மா, இத்தனை நாளும் இதைத்தான் குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்" என்றார். கூடியிருந்தோரில் ஒருவர் கண் கலங்கியதை நாம் கண்டோம்.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் அறிவியல் சோதனை பற்றி நமக்குக் கற்பித்த முதற்பாடம் ஒன்று உண்டு. ஒரு விளைவுக்கு எதைக் காரணம் என்று கூறுகிறோமோ, அதனை மட்டும் தனியே கூட்டியோ குறைத்தோ பார்த்த பின்னரே பேச வேண்டும் என்பது அது. நாம் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பைக் கொணர்ந்து, அவருடைய தெளிந்த நீரில் கரைத்து, மறுபடியும் அக்கம்பிகளை இறக்கச் சொன்னோம். அந்நீரும் அவ்வாறே பழுத்துக் கலங்கியது. உப்பு கரைந்த நீரில் மின்சாரம் பாயும். பாயும்போது இரும்புக் கம்பி அரிக்கப்பட்டுத் துருவாய் நீரில் இறங்கும். நாம் கண்ட அழுக்கு, கம்பியின் அழுக்கே. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் மிகக் குறைவாகவே பாயும் ஆதலின் அது தெளிவாக நின்றது. நோய்க்கிருமி உண்டா இல்லையா என்பதற்கும் இக்காட்சிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. (மின்சாரத்தோடு விளையாடும் இச்சோதனையை வாசகர்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டா.)

அவ்விளைஞர் திகைத்து நின்றார். "எங்களுக்குப் பயிற்சியில் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், டீச்சரம்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தாம் நம்பியதையே சொன்னார். கண்ணால் கண்டதே மெய் என்று நாம் சொல்லிவிடுகிறோம். காட்சி மெய்தான், நீர் பழுத்தது உண்மை. அக்காட்சியிலிருந்து அவர் செய்த அனுமானமே பிழை. சொல்பவரின் நேர்மை ஒன்றே அவர் சொல்லை அளவையாக்கிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் அக்கருவி பயனற்றதா? அவ்வாறு சொல்வதும் அதே பிழையாகும். ஆர்.ஓ. எனப்படும் அக்கருவியின் தலையாய பணி கரைந்த உப்பை நீக்குவது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில், கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிடத்து 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வரையறுத்துள்ளனர். உப்பேறிய ஆழ்குழாய் நீரையே நம்பியுள்ள வீட்டுக்கு அக்கருவி பெருந்துணை. குழாயில் உப்புக் குறைந்த நீர் வரும் வீட்டுக்கோ காய்ச்சி ஆற்றிய நீரே போதுமானது. விற்பனையாளர் கையிலுள்ள டி.டி.எஸ். மானி இந்த உப்பின் அளவைத்தான் காட்டும். கிருமியை அது அறியாது. இளநீரில் அம்மானியை வைத்தால் எண் ஆயிரங்களில் ஏறும். அதற்காக எவரும் இளநீரைக் கொட்டிவிடுவதில்லை.

பொருளின் மதிப்பைக் கணக்கிடும்போது அது நமக்குத் தருவதை மட்டும் எண்ணுகிறோம். அது கழித்துத் தள்ளுவதை எண்ணுவதில்லை. வீட்டு ஆர்.ஓ. கருவிகளுள் பல, ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுவன. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த உப்புள்ள நீருக்கு இக்கருவியைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் கூறியதற்கு இவ்விரயமே காரணம். உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர், வழக்கு நீண்டது. வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதி ஊர்களில் நம் பாட்டிமார் கிணற்றுநீரை இரட்டையாய் மடித்த பருத்தித் துணியில் வடிகட்டினர். வடிகட்டியதோடு அவர்கள் கடமை முடியவில்லை. துணியில் தங்கிய சிற்றுயிர்களை அதே கிணற்றுநீரிலேயே மெல்ல இறக்கிவிட்ட பின்னரே குடத்தைத் தூக்கினர். அத்துணி கிருமியைத் தடுக்கவல்லதன்று. அதனை இன்றைய கருவியோடு திறமையில் ஒப்பிடுவதற்கில்லை. ஆனால் வடிகட்டிய பின் எஞ்சியது எங்கே செல்கிறது என்று கேட்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. ஆர்.ஓ. வைத்திருப்போர் அக்கழிவுக் குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தினாலே பாதி விரயம் குறையும்.

இனிச் சாட்சியத்திற்கு வருவோம். அவ்விளைஞர் அன்று காட்டிய தாளில், கருவியை ஏற்கெனவே வாங்கியோர் பட்டியல் இருந்தது. அதில் நமக்கு நன்கு அறிமுகமான ஓர் அம்மையாரும் இருந்தார். அவர் வீட்டுக் கருவியோ துணியுறை போர்த்தி, மின்னிணைப்பு நீக்கப்பட்டுச் சுவரில் நிற்பதை நாம் அறிவோம். நீரின் சுவை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆண்டுதோறும் வடிகட்டி மாற்றும் செலவும் கட்டுப்படியாகவில்லை. அவர் அருந்துவது காய்ச்சி ஆற்றிய குழாய்நீர். ஆயினும் கேட்டவர்க்கெல்லாம் "நன்றாக இருக்கிறது" என்றே சொல்லி வந்தார். அச்சொல்லைக் கொண்டு இரு குடும்பங்கள் வாங்கிவிட்டன. ஏன் அவ்வாறு சொன்னீர்கள் என்று தனிமையில் வினவினோம்.

"பிள்ளை ஆசையாய் வாங்கித் தந்தது டீச்சரம்மா. நாலு பேரிடம் குறை சொன்னால் அவன் காதுக்குப் போகாதா? தவிர, நல்லது என்று சொல்வதால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

இவ்விடையை எளிதில் தள்ளிவிட முடியாது. பிறருக்குத் துன்பம் விளைக்கும் உண்மையையும் இல்லறத்தார் சொல்லலாகாது என்று சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துள்ளார். மகனின் மனம் நோகாதிருக்கச் சொன்ன சொல் அவ்வகையில் அடங்காதா என்று அவர் சார்பில் வாதிடலாம். நாம் இதனைப் பலநாள் சிந்தித்தோம். மகனிடம் "நன்றாக இருக்கிறதப்பா" என்பதில் அன்பு உண்டு. நட்டம் அடைவோர் ஒருவருமில்லை. வாங்கலாமா என்று கேட்டு வாசலில் நிற்கும் பெண்ணிடம் அதே சொல்லைச் சொல்லும்போது, மகனுக்காகச் செய்த தாட்சண்யத்தின் செலவை அப்பெண் ஏற்கிறாள். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வாய்மை விரதத்திற்கு நேரும் மாசுகளுள் தவறான அறிவுரை கூறலையும் வைத்து எண்ணுகிறது. கலப்படமும் கள்ள அளவையும் கள்ளாமை விரதத்தின் மாசுகளாக அதற்கடுத்தே வருகின்றன. குறைந்த எடைக்கல்லை வைத்து விற்பவனைப் பழிக்கும் நாம், நாவினால் எடையைக் கூட்டிச் சொல்வதைக் குற்றமாகக் கொள்வதில்லை.

அந்த அம்மையாருக்கு வேறு வழி இல்லாமலும் இல்லை. "பிள்ளை அன்பாய் வாங்கித் தந்தான்; எங்கள் குழாய்நீருக்கு அது தேவைப்படவில்லை; உங்கள் வீட்டு நீர் எப்படி என்று முதலில் பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். இதில் மகனுக்குக் குறையில்லை, கருவிக்கும் பழியில்லை. சியாத்வாதத்தைப் பெரும் பண்டிதர்க்குரிய தர்க்கம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். 'ஒருவாற்றால்' என்ற அந்த ஒரு சொல்லைச் சேர்த்துப் பேசும் பயிற்சி, கிரைண்டர் வாங்கும் பேச்சுக்கும் பொருந்தும். எந்த நீருக்கு, எத்தனை பேருள்ள குடும்பத்துக்கு, எத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நல்லது என்று சொல்லும்போதே விடை முழுமை பெறும்.

தாட்சண்யம் ஒருபுறமிருக்க, பணம் கொடுத்து வாங்கியபின் அதைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. குறை சொன்னால் ஏமாந்தவர் ஆகிவிடுவோம் என்ற கூச்சம். பிறரும் அதையே வாங்கினால் நம் தேர்வு சரி என்று ஒரு நிறைவு. இதற்கு நேர்மாறானவரும் உண்டு. மின்னழுத்தம் ஏறி இறங்கிப் பழுதான ஒரு மிக்சிக்காக, அந்நிறுவனத்தின் பெயரையே பத்தாண்டு தூற்றுவர். விருப்பும் வெறுப்பும் உள்ளவன் ஆப்தன் ஆகான் என்பது நாம் அறிந்த இலக்கணம். இறைவனுக்கு உரைத்த அவ்விலக்கணத்தை அடுப்படிக்கு இறக்குவதாக எவரும் குறைகூற வேண்டா. நம்பத்தக்க சொல் எங்கிருந்து வரும் என்ற கேள்வி இரு இடத்தும் ஒன்றே.

உலகியலிலும் இவ்விலக்கணத்தை ஓரளவு கடைப்பிடித்தோர் உண்டு. அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டு தோன்றிய நுகர்வோர் சங்கம் ஒன்று தன் இதழில் விளம்பரம் ஏற்பதில்லை. சோதிக்கும் பொருள்களை மற்றவரைப்போல் கடையிலேயே விலை கொடுத்து வாங்குகிறது. நம் நாட்டில் அகமதாபாத்தில் 1978இல் நிறுவப்பட்ட நுகர்வோர் கல்வி ஆய்வு மையமும், தில்லிப் பல்கலைக்கழகத்தாரிடையே 1983இல் தோன்றிய 'வாய்ஸ்' அமைப்பும் இத்தகைய ஒப்பீட்டுச் சோதனைகளைச் செய்தன. சட்டமும் இப்போது புகழ்ந்துரைப்பவரைப் பொறுப்பாளியாக்குகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றும் பிரபலருக்கும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். போதிய அளவு ஆராய்ந்து பார்த்த பின்னரே புகழ்ந்தோம் என்று அவர் காட்டினால் தப்பலாம். திரைநட்சத்திரத்தை இவ்வாறு கேட்கும் சட்டம் நம் தெருவிலுள்ளோரைக் கேட்பதில்லை. ஆனால் நட்சத்திரத்தைவிட நம்மையே அண்டை வீட்டார் அதிகம் நம்புகின்றனர்.

முத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல். நமக்கு அடுத்துள்ள தரமணியிலேயே இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது. ஆயினும் ஐ.எஸ்.ஐ. முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறிந்தோர் சிலரே. வகுத்த தரத்திற்குக் குறையாமல் செய்யப்பட்டது என்பதே அதன் உறுதி. எத்தனை ஆண்டு உழைக்கும், பழுது பார்க்க ஆள் வருவாரா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்பவற்றுக்கு அது பொறுப்பன்று. குக்கருக்கு அம்முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். அங்கும் நாம் கவனிக்கத் தவறுவது உதிரிப்பாகத்தை. முத்திரை பெற்ற குக்கரை வாங்கிவிட்டு, நடைபாதையில் மலிவாய்க் கிடைக்கும் போலிப் பாதுகாப்பு வால்வைப் பொருத்துகின்றனர். சூடு மீறும்போது வால்வின் உலோகம் உருகி நீராவிக்கு வழிவிட வேண்டும். உருகாத உலோகத்தால் செய்த போலி, வழிவிடாமல் அடைத்து நிற்கும். பத்து இருபது ரூபாய் மிச்சம் பார்க்கும் இடம் அதுவன்று.

நாமே பார்த்தறியத் தக்கவற்றைப் பார்ப்பதும் இல்லை. எரிவாயு உருளையின் மேற்பகுதித் தகட்டில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் எழுதியிருக்கும். பி 27 என்றிருந்தால் 2027ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் அதற்கு மறுசோதனை என்று பொருள். ஏ முதல் டி வரை நான்கு காலாண்டுகள். தவணை கடந்ததைத் திருப்பி அனுப்ப நமக்கு உரிமை உண்டு. உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போன நம் பாட்டனார்கள் பல்லைப் பார்த்தனர், நடக்கவிட்டுப் பார்த்தனர், மாடு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று விசாரித்து அவ்வூராரையும் கேட்டனர். துண்டின் கீழ் விரல் பிடித்து விலை பேசியதெல்லாம் அதன் பிறகுதான். இன்று அத்தனையும் விளம்பரப் படத்தின் முன் கைவிடப்பட்டது.

பொருள் விரைவில் பழுதாவது எப்போதும் தற்செயலன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 1924இல் உலகின் பெரும் மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனிவாவை இடமாகக் கொண்டு ஓர் உடன்பாடு செய்துகொண்டன. விளக்கு ஆயிரம் மணி நேரத்திற்குமேல் எரியலாகாது என்று வகுத்து, அதனை மீறி நெடுநேரம் எரியும் விளக்கைச் செய்தவருக்கு அபராதம் விதித்தன. நன்றாகச் செய்ததற்குத் தண்டம்! இன்று உதிரிப்பாகம் தராமலும், திறக்கவொண்ணாதபடி ஒட்டியும் அதே நோக்கத்தை நிறைவேற்றுவோர் உளர். பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவண் அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. வாங்கும் முன் கடைக்காரரிடம் விலையைக் கேட்பதோடு, இதைப் பழுது பார்ப்பவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்றும் கேட்பது நம் வழக்கம். பலருக்கு விடை தெரிவதில்லை. அதுவே நமக்கு விடையாகிவிடும்.

நினைவை நம்பிச் சாட்சி சொல்வதில் ஒரு தொல்லை உண்டு. வாங்கிய நாளின் மகிழ்ச்சியும் பழுதான நாளின் சினமும் நினைவில் நிற்கும். இடையே அமைதியாய் உழைத்த ஆண்டுகள் நிற்பதில்லை. அதனால் பள்ளிப் பதிவேட்டுப் பழக்கத்தில் வீட்டுக்கும் ஒரு நோட்டு வைத்துள்ளோம். வாங்கிய தேதி, விலை, என்ன பழுது, யார் சரிசெய்தார், என்ன கூலி என்பவை மட்டுமே அதில் இருக்கும். கிரைண்டர் 1988 என்ற பக்கத்தில் பெல்ட் மாற்றியது ஐந்து முறை, கல் கொத்தியது மூன்று முறை, மோட்டார் சுற்றியது ஒரு முறை என்றிருக்கிறது. எவரேனும் கேட்டால் நாம் கருத்துச் சொல்வதில்லை. அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டிவிடுவோம். சென்ற மாதம் மேல்வீட்டு மருமகள் துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தைப் படித்துவிட்டுத் தருவதாக நோட்டையே எடுத்துச் சென்றாள். அவளிடமிருந்து அது எதிர்வீட்டுக்கும், அங்கிருந்து இரண்டாம் தளத்துக்கும் போயிருப்பதாகக் கேள்வி.